அழிக்கக் கூடாத பக்கம்

பியானோ வாசிப்பவர்கள் எல்லோரும் பெண்கள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் எட்டாம் வகுப்புவரை படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. மத்தியான இடைவேளையில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வெள்ளைச் சப்பாத்தோடு அந்த அறைக்குள் போவார்கள். நான் விறாந்தையில் நின்று கேட்பேன். யாராவது கண்டால் பேச்சு விழுமோ என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு என்னை மறித்துத் தையல் மெசினுக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் பியானோ என்றால் எனக்கு அந்த வெள்ளைச் சப்பாத்துகள்தான் கண்ணுக்குள் வரும். படித்த, வடிவான, பயமில்லாத பெண்கள்.

இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இப்படி ஒரு நினைப்பு இல்லாதிருந்தால் அந்தக் கசெட்டுக்கு நான் செய்த வேலையைச் செய்திருக்கமாட்டேன்.

கல்யாணமாகிப் பதினோராவது மாதம் என் கணவர் டென்மார்க்குக்குப் போய்விட்டார். எண்பத்து நாலாம் ஆண்டின் நடுப்பகுதி. நான் மாமி வீட்டில் இருந்தேன். கடிதம் எழுத எனக்கு வராது. ஒரு பக்கம் எழுதினால் பத்துப் பிழை வரும், அதை அவர் கண்டு சிரிப்பாரோ என்று இன்னொரு தாள் எடுப்பேன். அதனால் நாங்கள் கசெட்டில்தான் கதைத்தோம். அப்போது வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளில் அது வழக்கம். ஒரு பக்கத்தில் இவர் பேசி அனுப்புவார், மற்றப் பக்கத்தில் நான் பேசித் திருப்பி அனுப்புவேன். பிறகு பழைய பேச்சுக்கு மேலேயே புதிய பேச்சு ஏறும். ஒரே கசெட் நாலைந்து தரம் கடல் தாண்டும்.

கசெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். ஒன்றை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எதுவும் பதியாது, உள்ளது அழியாமல் இருக்கும். மனம் மாறினால் உடைந்த ஓட்டையை ஒட்டி மூடிவிட்டுத் திரும்பவும் பதியலாம். எங்கள் ஊரில் இது தெரியாத வீடு இல்லை.

எண்பத்தைந்து தை மாதம் வந்த கசெட்டில் ஒரு பக்கத்துப் பல் உடைந்திருந்தது. இவருடைய பக்கத்தை முதலில் போட்டோம். குளிரைப் பற்றிச் சொன்னார், பாஷை படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"மற்றப் பக்கத்திலை ஒரு பியானோ இருக்கு, கேளும். கீழ் வீட்டு ஆள் தந்தது. வேறை கொப்பி இல்லையாம். அதிலை கை வைக்காதையும். என்ரை பக்கத்தை அழிச்சுப்போட்டு அதிலை கதைச்சு அனுப்பும். கவனம், என்ன?"

திருப்பிப் போட்டோம். எனக்குத் தெரிந்த பியானோ அப்படிக் கேட்பதில்லை. இடக்கை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது, நான் மெசின் மிதிக்கிற மாதிரி, நிற்காமல். வலக்கை எப்போதும் கொஞ்சம் பிந்தி வந்தது. சொல்லவந்ததைச் சொல்லாமல் ஆளைக் காக்கவைத்துச் சொல்கிற மாதிரி. யாரோ காலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலம் அப்படியே போயிற்று. முடிகிற இடத்தில் ஒரு பெண் சிரித்தாள். ரெக்கோடருக்குப் பக்கத்திலேயே இருந்து, வாயைப் பொத்தாமல். அதற்குப் பிறகு ஒரு ஆண் இருமினான்.

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "உது ஆர் பிள்ளை, பல்லைக் காட்டுறது?"

"கீழ் வீடாம், மாமி."

"கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் இடையிலை படி இருக்கும்தானே."

மாமிக்கு அது பகிடி. எனக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. இருமினது இவர்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பதினொரு மாதம் பக்கத்தில் படுத்தவளுக்கு இருமல் தெரியாதா என்று என்னையே கேட்டேன். (இருமல் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் என்பது இப்போது தெரிகிறது.) எல்லாவற்றையும்விட ஒரு வசனம்தான் என்னை அரித்தது. என்ரை பக்கத்தை அழியும், அதிலை கை வைக்காதையும். தன்னுடைய குரலை அழிக்கலாமாம். அவளுடைய பியானோவை அழிக்கக் கூடாதாம்.

நாலாம் நாள் மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அடுப்படிக் கதவைச் சாத்தினேன். மருந்துப் பெட்டியில் பிளாஸ்டர் சுருள் இருந்தது, மண்ணிறமானது, சின்னச் சின்ன ஓட்டை உள்ளது. ஒரு துண்டு வெட்டி, உடைந்த பல்லின் ஓட்டையில் வடிவாக ஒட்டினேன். தையல்காரியின் கை, கோணவில்லை. சிவப்புப் பொத்தானை அமத்தி, எப்போதும் தொடங்குவது போலவே தொடங்கினேன். "இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கே முழுக்கத் தெரியாது. ஆர் அவள், எத்தனை வயசு, என்ன படித்தவள் என்று கேட்டேன். நான் எட்டாம் வகுப்பு என்று தெரிந்துதானே கட்டினீர்கள் என்று கேட்டேன். அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை போல என்று சொன்னேன். அழுதேன். மூக்கைச் சிந்தினேன். நடுவில் பால் பொங்கியதும் பதிந்திருக்கும். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது "சரி, வைக்கிறன்" என்றேன், டெலிபோனில் பேசியது மாதிரி. நிறுத்தினேன்.

அனுப்பின அன்றே பயம் பிடித்துவிட்டது. தபால் கந்தோருக்கு இரண்டு தரம் போய், சாக்கில் போட்டதைத் திருப்பி எடுக்க ஏலுமோ என்று கேட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது, புதுக் கசெட்டில். பியானோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "உம்மடை கதை கிடைச்சுது. நீர் நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை. கெதியாக் கூப்பிடுறன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நித்திரை வந்திருக்கும். ஏன் திட்டவில்லை? திட்டுவதற்கு இவருக்கு வாய் இல்லை, ஆகவே குற்றம் இருக்கிறது. இப்படித்தான் என் மூளை வேலை செய்யும்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் நான் டென்மார்க்கில் இவர் இருந்த பிரெடெரிசியாவுக்கு வந்து சேர்ந்தேன். வசந்தம் என்று அவர்கள்தான் சொன்னார்கள், எனக்குப் பல் கிட்டியது. ஸ்டேசனிலிருந்து நடந்தே போகிற தூரம். செங்கல் கட்டடம், இரண்டாம் மாடி. முதல் மாடிக்கு ஏறும்போது ஒரு கதவு திறந்தது. இதுதான் அந்தக் கீழ் வீடு என்று கால் சொல்லிவிட்டது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

பார்த்தால், வெள்ளை முடி. எழுபது வயதுக்குக் குறையாது. உயரமான மனுசி, காலில் ஆம்பிளைச் செருப்பு. ஒன்றேகால் வருசமாக நான் நித்திரை கெட்டது இதற்கா என்று ஒரு பெருமூச்சு விட்டேன். இவருக்கு முன்னால் சிரிக்கவும் வந்தது. "இஞ்சேருங்கோ, இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் அந்த மனுசி கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு, தமிழில், நான் இழுக்கிற அதே இழுவையில் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

என் பெருமூச்சு பாதியில் நின்றது. டென்மார்க்கில் ஒரு வெள்ளைக்காரிக்கு அந்த இரண்டு சொல்லும் எங்கிருந்து வரும்? அது நான் இவருக்குச் சொல்கிற சொல். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள சொல். இவர் இங்கே இருந்து என்னைப் போலப் பேசிக் காட்டியிருக்கிறார். அவள் சிரிக்கவேண்டும் என்பதற்காக.

"அவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மேலே போனதும் கேட்டேன்.

"பேந்து சொல்லுறன். முதல் சாப்பிடும்."

பேந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இவர் கீழே கோப்பி குடிக்கப் போவார். என்னையும் கூட்டிப்போனார். நான் கதிரை நுனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எத்தனை கரண்டி சீனி என்று இவர் கேட்காமலே போட்டார். கரண்டி எந்த லாச்சியில் இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் கரண்டி எங்கே என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் டேனிஷில் கதைத்தார்கள், இவர் எதையோ சொல்ல அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. கசெட்டின் கடைசியில் இருந்த அதே சிரிப்பு, வாயைப் பொத்தாத சிரிப்பு.

எழுபது வயது மனுசியில் பொறாமைப்படுவது வெட்கமான வேலை. வெட்கப்பட்டுக்கொண்டே பொறாமைப்பட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது இவருடைய இடக்கை விரல்கள் மேசையில் தாளம் போடுவதைக் கண்டேன். கோப்பைக்குப் பக்கத்தில், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப. கீழ் வீட்டைச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தேன். "கையைப் பேசாமல் வைச்சிருங்கோ" என்றேன்.

அவளுடைய வீட்டுப் பியானோ மூடியபடியே இருந்தது. மூடியில் ஒரு படம், ரயில் உத்தியோகத் தொப்பி போட்ட மனிதர். மூன்றாம் ஞாயிறு துணிந்து கேட்டேன்.

"இவ ஏன் வாசிக்கிறா இல்லை?"

"இவவுக்கு ஒரு கட்டையும் தெரியாது. இவவின்ரை மனிசன்தான் வாசிச்சவர். ரயிலிலை வேலை. நான் வாறதுக்கு முதல் வருசம் செத்துப்போனார்."

"ஆம்பிளையோ வாசிச்சது?"

"ஏன், ஆம்பிளையள் தொட்டால் பியானோ கடிக்குமே?"

இவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். அந்த மனிதர் வாசித்தது அமெரிக்கக் கறுப்பு மக்களின் புளூஸ், பூகி-வூகி. பிரெடெரிசியா ரயில் மாறுகிற ஊர். கச்சேரிக்குப் போகிற வழியில் ரயிலுக்குக் காத்து நின்ற அமெரிக்கப் பியானோக்காரர்களை ஸ்டேசனில் கண்டுபிடித்து, கோப்பி குடிக்க வாருங்கள் என்று இந்த வீட்டுக்குக் கூட்டிவருவாராம். இந்தப் பியானோவில் அவர்கள் வாசிக்க, அந்த மனிதர் பெரிய ரெக்கோடரில் பதிந்து வைத்தார். எந்தக் கடையிலும் இல்லாத பதிவுகள்.

"அப்ப எனக்கு அனுப்பின கசெட்?"

இவர் சீனிப் போத்தலை மூடினார். "அது அவர் தானே வாசிச்சது" என்று மட்டும் சொன்னார்.

மேற்கொண்டு கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். இரண்டு மாதம் அந்தப் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவளுடைய கதவைப் பார்க்காமல் நடந்தேன். இன்னொரு கொப்பி எங்கேயாவது இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வடக்கே ஓல்போர்க் நகரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். வீடுகளில் பதிந்த இந்த மாதிரிப் பியானோ இசையைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். தாடிக்காரர், இரண்டு பெரிய மெசின் கொண்டுவந்தார். இவர் தூக்கிக்கொடுக்கப் போக, நானும் பின்னால் போனேன். நான் இல்லாத நேரம் அந்த வீட்டில் என்ன கதைக்கிறார்கள் என்ற அரிப்பு அப்போதும் தீரவில்லை.

வந்தவர் பெரிய நாடாச் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொப்பி எடுத்தார். முப்பது வருசத்துக்கு முந்திய வாசிப்புகள். நடுவில் கோப்பைச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ இங்கிலீஷில் பகிடி விடுகிற சத்தம். தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். மத்தியானம் எல்லாம் முடிந்ததும், கடைசியாக ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேனே என்றார். இவர் மொழிபெயர்க்கும்போதே குரல் தாழ்ந்தது.

அவள் படுக்கை அறைக்குள் போய் ஒரு கசெட்டைக் கொண்டுவந்தாள். தூரத்திலேயே கண்டுவிட்டேன். மண்ணிறப் பிளாஸ்டர். கோணாமல் ஒட்டியது.

மெசின் சுற்றியது. "இஞ்சேருங்கோ, கேக்குதோ?" என்று நான் அந்த அறை முழுக்கக் கேட்டேன்.

தாடிக்காரர் பிழையான பக்கம் என்று நினைத்து வெளியே எடுக்கப் போனார். அவள் அவருடைய கையில் தட்டி நிறுத்தினாள். ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா? சொல்லுங்கோ."

"உது இப்பிடித்தான் தொடங்கும் எண்டு சொல்லுறா."

"வேறை கொப்பி இல்லையோ?"

"இல்லை. அவரின்ரை கடைசி மாரிக் குளிரிலை, வருத்தம் கூடின நேரம், இவவுக்காக வாசிச்சது. தானே பல்லை உடைச்சு வைச்சவர். மற்றப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. நான் வந்த புதுசு, என்னட்டை வேறை கசெட் இல்லை. அதிலை உன்ரை மனுசியோடை கதை, என்ரை மனுசன் வாசிச்சதை அவளும் கேக்கட்டும் எண்டு தந்தவ. எங்கடை கசெட் எப்பவும் திரும்பி வரும் எண்டு நான்தான் சொன்னனான்."

திரும்பி வந்துதான் இருந்தது.

"நான் அழிச்சதெண்டு இவவுக்குத் தெரியுமோ?"

இவர் நிலத்தைப் பார்த்தார். "அழிக்கக் கூடாதெண்டு உமக்குச் சொல்ல நான் மறந்துபோனன் எண்டு சொல்லிப்போட்டன். கசெட் வந்த அண்டைக்கே."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் இந்தப் படியாலை ஏறியிருப்பீரோ?"

ஏறியிருக்கமாட்டேன். அது உண்மை. என் குரல் மெசினுக்குள் நின்று அவளை இன்னமும் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருசத்துக்கு மேலாக என் கணவர் அவளுக்கு முன்னால் என் பிழையைத் தன் பிழையாக்கி வைத்திருக்கிறார். அப்போதுகூட எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னைப் பற்றி ஒரு இரகசியம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். அதுதான் முதலில் வந்தது. அந்த எரிச்சலில்தான் எழும்பினேன், எழும்பியிருக்காவிட்டால் பயம் என்னை இருத்தியிருக்கும்.

இவரை மொழிபெயர்க்கவிட்டால் இன்னொரு தரம் என்னை மூடிவிடுவார். கசெட்டின் பிளாஸ்டரைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டேன். எனக்கு அப்போது தெரிந்த டேனிஷ் ஒரு கைப்பிடி. "யய்" என்றேன். நான். இவரைக் காட்டி, "இக்க ஹாம்." இவர் இல்லை.

அவள் பிளாஸ்டரையும் என் கையையும் பார்த்தாள். பிறகு இவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். இவர் தலையைச் சொறிந்தார்.

"இவ்வளவு நாளும் கேட்டிட்டாவாம். ஒரு சொல்லும் விளங்கேல்லையாம். நீர் அதிலை என்ன சொல்லுறீர் எண்டு கேக்கிறா. நான் அதைச் சொல்லாமல் விட்டிட்டன். ஊர்ப் புதினம் எண்டு சொல்லிச் சமாளிச்சுக்கொண்டு வாறன்."

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"விசரே உமக்கு?"

"உள்ளதைச் சொல்லுங்கோ எண்டுறன்."

மெசினில் நான் பேசப் பேச, இவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆர் அவள், எத்தனை வயசு. என்ன படித்தவள். அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை போல. அந்த இடத்தில் இவருடைய குரல் உள்ளுக்குப் போய்விட்டது. தாடிக்காரர் கூரையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடித்தபடி கேட்டாள், பிறகு சிரித்தாள். அதே சிரிப்பு. சிரித்து முடிய அவளுடைய கண் நனைந்திருந்தது. அதற்கு என்ன காரணம் என்று நான் இவரைக் கேட்கவில்லை.

தாடிக்காரருக்கு, என் பேச்சுக்குப் பிறகு அழியாமல் மிஞ்சின கடைசிப் பியானோத் துண்டு மட்டும் போதுமாம், முன்னுக்கு உள்ளது இசை இல்லையே என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் முழுதும் எடு, இல்லாவிட்டால் வை. முழுதும் எடுத்தார். ஓல்போர்க்கில் எங்கேயோ ஒரு பெட்டியில், எங்குமே கிடைக்காத பியானோப் பதிவுகளுக்கு நடுவில், நான் இன்றும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன்.

என் பேச்சு முடிகிற இடம் வந்தது. நான் "சரி" என்று சொல்லத் தொடங்கும்போதே அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். கைகளை மடியில் போட்டாள். "வைக்கிறன்" என்றேன் மெசினுக்குள்ளிருந்து. ஒரு கிளிக். உடனே இடக்கை நடந்து வந்தது, எங்கேயும் போகாதது மாதிரி, இவ்வளவு நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் காத்து நின்றது மாதிரி. நாலு நிமிசம். கடைசியில் அவளுடைய சிரிப்பு. பிறகு அந்த மனிதரின் இருமல்.

அவளுடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு நிமிசத்துக்காக இருபத்தாறு நிமிசம் என்னைப் பொறுத்திருக்கிறாள், வேகமாக முன்னுக்கு ஓடவிட்டால் நாடா அறுந்துவிடும் என்ற பயத்தில், எத்தனையோ ஞாயிறுகள். ஒரு இருமலை அப்படிக் கேட்க முடியுமா என்று எனக்கு எரிந்தது. இவர் இருமினால் நான் சளி மருந்து குடியுங்கோ என்பேன்.

படியேறும்போது பார்த்தேன், இவருடைய இடக்கை கைபிடிச் சட்டத்தில் தட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களும் அவவோடை இருந்து கேட்டனீங்களோ?"

"ஓம்."

"நான் வாறவரைக்கும்? ஒவ்வொரு ஞாயிறும்?"

"ஓம்."

"நான் திட்டுறதைக் கேக்கவோ?"

"பியானோ கேக்கத்தான் போனனான்" என்றார் இவர். "உம்மைத் தாண்டித்தானே அங்கை போகவேணும்."

நான் முன்னால் மேலே போனேன். கரண்டியை எடுத்து லாச்சிக்குள் சத்தமாகப் போட்டேன். இந்த மனிதர் அங்கே இருந்து ஒரு வருசமாக என் குரலைக் கேட்டிருக்கிறார், அவளோடு சேர்ந்து. நான் ஊரில் தனியாக இருந்து இவர் குரலைக் கேட்டேன். கணக்கு எனக்குச் சரியாகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணி ஆவதற்கு முன்பே தலையை வாரி இழுத்தேன். இவர் சேர்ட் மாற்றிக்கொண்டிருந்தபோது நான் படியிறங்கிவிட்டேன். அவ கதவைத் திறந்தா. இவர் வழக்கமாக இருக்கிற கதிரை, மெசினுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் நான் போய் இருந்தேன்.